நாற்பது ஞாயிற்றுக்கிழமை

ஊரில் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு. எங்கள் அடுத்த வீட்டு அக்காவுக்கு மட்டும் அது ஒரு வியாதி. பேதி, வாந்தி என்று மற்றவர்கள் சொல்கிற குரலில் அவள் "ஞாயித்துக்கெழம" என்பாள். சனிக்கிழமை மத்தியானமே முகம் வாடத் தொடங்கிவிடும். "வந்துடுச்சு பாரு, சனியன் முடிஞ்சு பெரிய சனியன்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

புதுச்சேரியில், சாரம் என்கிற பேட்டையில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு ஓட்டு வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். நான் கல்யாணமாகி அங்கே போனது வெள்ளைக்காரன் கப்பலேறிய மறு வருஷம். அக்கா அப்போதே பத்து வருஷத்துக்கு மேலாக மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை, மிஷின்களிலிருந்து விழுகிற கழிவுப் பஞ்சை உதறித் தூசி தட்டி, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது. அந்த அறைக்கு ஜன்னல் உண்டாம், ஆனால் திறக்க மாட்டார்களாம். திறந்தால் பஞ்சு பறந்துவிடும் அல்லவா? பஞ்சு பத்திரமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற எட்டுப் பெண்களைப் பற்றி யாரும் அவ்வளவு கவலைப்படவில்லை.

காலையில் சங்கு ஊதும்போது கறுப்பு முடியோடு போகிறவள், சாயங்காலம் நரைத்துப்போய் வருவாள். புருவம், கண்ணிமை, மூக்கின் மேல் இருக்கிற பூனைமுடி எல்லாம் வெள்ளை. கிணற்றடியில் நின்று முந்தானையால் உடம்பெல்லாம் அடித்துக்கொண்டால்தான் பழைய வயது திரும்பும். புதிதாகப் போன எனக்கு முதல் வாரம், அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் இருப்பதாகவே நினைப்பு. மாமியார் ஏன் காலையில் கண்ணில் படுவதே இல்லை என்று அவளிடமே கேட்டுவிட்டேன். அதை வைத்து ஆறு மாசம் என்னைக் கேலி செய்தாள்.

மில்லின் புகைபோக்கி எங்கள் தெருவுக்கும் தாராளமாகப் பங்கு கொடுத்தது. மேல்காற்று அடித்தால் கொடியில் காய்கிற வேட்டியெல்லாம் கரிப்பொட்டு வைத்துக்கொள்ளும். தெருப் பெண்கள் மில்லை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். அக்காவுக்கு ரோஷம் வந்துவிடும். "துணியில ரெண்டு கரி வுழுந்ததுக்கு இன்னா கூப்பாடு! என்னையே அங்க கொண்டுபோயி காயப்போடறேன், நான் எதுனா சொல்றனா?" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் மில்லுக்காகச் சண்டை பிடிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அக்காவின் கட்சி இதுதான். திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்து மூன்று நான்கு மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி ஆகும். மூச்சு பாதியில் நிற்கும். சாயங்காலம் உடம்பு கொதிக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. புதன், வியாழன் என்று போகப்போகச் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தால் மறுநாள் பழையபடி கயிறு. அவளுக்கு மட்டுமில்லை, அந்த அறைப் பெண்கள் எல்லாருக்குமே அப்படித்தான். மேஸ்திரி அதற்குத் திங்கட்கிழமைச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தார்.

"நீயே ரோசன பண்ணிப் பாரு," என்று என்னைப் பிடித்து உட்கார வைப்பாள். "ஆறு நாளு பஞ்சுக்குள்ளயே கெடக்கறேன். ஒண்ணும் ஆவல. ஒரு நாளு வூட்ல குந்தறேன், மறுநாளு மூச்சு முட்டுது. அப்ப வியாதி எங்க இருக்கு? மில்லுலயா, வூட்லயா?"

வாதத்தில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரன் போனபின் புதுசு புதுசாக வந்த விடுமுறைகளைக் கண்டு எல்லாரும் சந்தோஷப்பட்டபோது, அவள் ஒருத்திதான் சுதந்திரத்தை நொந்துகொண்டாள். "ஏற்கெனவே இருந்த ஞாயித்துக்கெழமைங்க போதாதுன்னு இவங்க வேற நாலஞ்சு ஞாயித்துக்கெழமய வாங்கியாந்துட்டாங்க!"

அவள் புருஷன் இதற்கு நேர் எதிர்க் கட்சி. கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்கார வீட்டில் குசினிக்காரராக இருந்தவர். துரையும் மதாமும் கப்பலேறியபின் வீட்டோடு தங்கிவிட்டார். அப்புறம் அவர் கரண்டியைத் தொடவில்லை. "வக்கான்ஸ்" என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார். மதாம் வீட்டார் வருஷத்தில் ஒரு மாசம் எந்த வேலையும் செய்யாமல் இருப்பார்களாம். அதுதான் வக்கான்ஸாம். "மனுசனுக்கு வக்கான்ஸ் வேணும். அதனாலதான் அவங்கல்லாம் ஆப்பிளு மாதிரி இருந்தாங்க" என்பார்.

"ஒனக்கு நாலு வருசமா வக்கான்ஸ்தான். எந்தப் பக்கம் ஆப்பிளு மாதிரி இருக்கறே?" என்பாள் அக்கா.

அவர்தான் ஒருநாள் அவளை லொப்பித்தால் என்று அவர் சொல்கிற பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, சிவப்பு மருந்து ஒரு புட்டி கொடுத்து, நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னாராம். அக்கா திரும்பி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஓய்வெடுத்தாதான் வியாதியே வருதுன்னு வாய் வலிக்கச் சொல்றேன். அதையே மருந்துன்னு எழுதித் தர்றாரு. இவரு எங்க படிச்சாரோ!" சிவப்பு மருந்தை வாழைமரத்துக்கு ஊற்றினாள். அந்த வாழை குலை தள்ளியது என்று பிற்பாடு டாக்டருக்கு அதில் மட்டும் கொஞ்சம் பெருமை கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமையை முறியடிக்க அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். மில்லில் எதற்கும் உதவாது என்று ஒதுக்குகிற பஞ்சை மேஸ்திரியிடம் கேட்டு மூட்டையாகக் கட்டி வருவாள். ஞாயிறு காலையில் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பிரம்பால் அந்தப் பஞ்சை அடித்து உதறித் தலையணை அடைப்பாள். சாயங்காலம்வரை அடைப்பாள். திங்கட்கிழமை கயிறு பாதிதான் இறுக்கும். "பாத்தியா? வியாதிக்கு லீவு நாளுன்னே தெரியாம ஏமாத்திட்டேன்" என்று வெற்றிச் சிரிப்பு சிரிப்பாள்.

அந்த ஏமாற்று வேலையில் நானும் கூட்டு. என் தாய்வீட்டுச் சீதனமாக ஒரு தையல் மிஷின் வந்திருந்தது. உறைகளை நான் தைத்தேன், அவள் அடைத்தாள். தெருவில் எல்லார் தலையும் அவள் தலையணையில்தான். கல்யாணத்துக்கு இரண்டு, பிள்ளை பிறந்தால் ஒன்று, சண்டை போட்டுச் சமாதானமானால் ஒன்று. மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் ஆள் இரண்டு, தலையணை ஒன்பது. அவ்வளவு சண்டை.

அவளுடைய மூச்சுக்கு அளவுகோல் அடுப்புதான். விறகடுப்பு. எங்கள் பொதுச்சுவர் வழியாக அவள் ஊதுகுழல் ஊதுவது காதில் விழும். ஒரு ஊதல், ஒரு இருமல். இரண்டாவது ஊதல், நீளமாக இருமல். நான்காவது ஐந்தாவது ஊதலுக்குத்தான் விறகு மனசு வைக்கும். நான் போன புதிதில் மூன்றாவதிலேயே பற்றியது. அந்த வித்தியாசத்தை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விறகு ஈரம் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் நினைக்கவில்லை. இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சீமைச்சாமான் கடையில் வேலை பார்த்தார். சீமைச்சாமான் வருவது குறைந்து, அந்த வருஷம் கடையை மூடிவிட்டார்கள். என் தையலில் இரண்டு பேர் சாப்பிட முடியவில்லை. நான் அக்காவிடம் போய் நின்றேன்.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறே? எங்க ரூம்புலயே ஒரு எடம் காலியாவுது. மேஸ்திரி நான் சொன்னா தட்டமாட்டாரு. ஒன்ன என் பக்கத்துலயே குந்த வெச்சுக்கறேன்" என்றாள். சத்தியமே செய்தாள், அடுப்பைத் தொட்டு.

அந்தச் சமயம் பார்த்து மில்லில் புது மிஷின் பூட்டப்போகிறோம், நாற்பது நாள் வேலை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அக்கா பலகை பார்த்துவிட்டு வந்தவள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாப்பது ஞாயித்துக்கெழம," என்றாள். "தொடர்ந்தாப்ல நாப்பது. மனுசி பொழைப்பாளா?"

பஞ்சு மூட்டையும் கிடையாது, மில்லே மூடியிருக்கிறதே. அவள் நிஜமாகவே சாகத் தயாரானாள். பூனையை என்னிடம் ஒப்படைத்தாள். மிளகாய்த்தூள் டப்பாவைக் கொடுத்து, "அந்த ஆளுக்குக் கொழம்புல காரம் கொறச்சிப் போடு, மதாம் வூட்டு நாக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குசினிக்காரர் மட்டும் குஷியாக இருந்தார். வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் வக்கான்ஸ்.

முதல் திங்கட்கிழமை பாயில் படுத்துக்கொண்டு கயிற்றுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. "சேத்து வெச்சு வரும்" என்றாள். இரண்டாவது திங்கட்கிழமையும் காத்திருந்தாள். அன்றைக்கும் வராததால், மரியாதைக்குக் கொஞ்சம் முனகிவிட்டு எழுந்து போய் வீட்டை மெழுகினாள்.

மூன்றாவது வாரம் குருசுக்குப்பத்து மீன்காரம்மா தோற்றாள். அது தெருவில் பெரிய செய்தி. எப்போதும் அக்கா பேரம் பேசும்போது நடுவில் மூச்சு வாங்க நிற்பாள். அந்த இடைவெளியில்தான் மீன்காரம்மா மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்குவாள். அன்றைக்கு அக்கா நிற்கவே இல்லை. மீனின் செவுளில் தொடங்கி, மீன்காரம்மாவின் பரம்பரை வழியாக, மறுபடியும் செவுளுக்கு வந்து சேரும்வரை ஒரே மூச்சு. "ஒனக்கு இன்னா ஆயிடுச்சு?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் இரண்டு மீன் அதிகமாகவே வைத்துவிட்டுப் போனாள்.

நாலாவது வாரம் ஒருநாள் காலை, நெருப்பு வாங்குவதற்காக அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்பின் முன் குந்தியிருந்தாள். நான் எதிர்ப்பக்கம் குனிந்தேன். அவள் குழலை வாயில் வைத்தாள், ஊதினாள். சாம்பல் மொத்தமும் என் முகத்தில். விறகு குப்பென்று பற்றிக்கொண்டது. ஒரே ஊதல்.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு நான் சிரித்தேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த குசினிக்காரரும் சிரித்தார். "இன்னாக்கா, வயசு திரும்புதா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனையில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"கொழல்ல ஓட்ட பெருசாயிடுச்சு போலருக்கு," என்றாள்.

நாற்பது நாள் முடிந்து மில் திறந்தது. திங்கட்கிழமைதான். சாயங்காலம் இரண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. சுவரில் சாய்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கிணற்றிலிருந்து இறைப்பது போலச் சொன்னாள்.

"பாத்தியா... நான் சொன்னனா... நாப்பது நாளு லீவு... எவ்ளோ பெரிய... திங்கக்கெழம!"

அந்த நிலையிலும் தன் கட்சி ஜெயித்துவிட்டதாக அவள் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டேன். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் பொறுத்து, மேஸ்திரியிடம் என்னைப் பற்றிப் பேசினாயா என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாக்கலாம், பாக்கலாம் என்று பத்து நாள் போனது. எனக்குப் பொறுமை கிடையாது, இப்போதும் கிடையாது. நேரே மில் வாசலுக்குப் போய் மேஸ்திரியைப் பிடித்தேன். யார் என்று சொன்னதும் அவர் இரண்டு அடி பின்வாங்கினார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

"நீதானம்மா அது? கோச்சிக்காத. காக்கா வலிப்பு இருக்கற பொண்ண மிஷினு ஓடற எடத்துல வுட முடியாது. ஒங்க அக்காவே சொல்லிச்சு, வாரத்துக்கு ரெண்டு வாட்டி வருதுன்னு. நோட்டுலகூட எழுதி வெச்சுட்டேன். இந்தா, எதுக்கும் இந்தச் சாவியப் புடிச்சுக்க."

வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பார்கள். நல்லாயிருக்கிற எனக்கு நடுத்தெருவில் இரும்பு கொடுத்த மனுஷன் அவர் ஒருவர்தான். நான் கத்திய கத்தில், வலிப்பு வந்தே விட்டது என்று காவலாளியும் ஓடி வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குள் புகுந்தேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிரம்பு பஞ்சை அடிக்கிற சத்தம். கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

"தொறக்கா! எனக்கா வலிப்பு? கூடவே இருந்து என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே! வேல குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லித் தொலையறது!"

பிரம்புச் சத்தம் நின்றது. "உள்ள வராத," என்றாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

"ஏன் பொய் சொன்ன?"

கொஞ்ச நேரம் இருமினாள். "அன்னிக்கு ஒரே ஊதுல அடுப்பு பத்திக்கிச்சே, பாத்தியல்ல?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"கொழல்ல ஓட்ட பெருசாவலடி. நான் அளந்து பாத்தேன்." மறுபடி இருமல். "பஞ்சுதான். எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

எனக்குக் கோபம் தீரவில்லை. "தெரிஞ்சா நீ மட்டும் ஏன் போற? இப்ப உள்ள இன்னா பண்ற?"

"எங்க வூட்டு ஆளு வக்கான்ஸ்ல இருக்காரு. யார்னா ஒருத்தர் போவணுமில்ல? நாளைக்கு நான் நடந்து உள்ள போவணும்னா இன்னிக்கு இத அடிக்கணும். எனக்குத் திங்கக்கெழம வந்துடுச்சு. ஒனக்கு இன்னும் வரல. வராமலே இருக்கட்டும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலில் விழுந்தேன், கட்டிக்கொண்டு அழுதேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். நடக்கவில்லை. வயிறு காய்ந்திருந்தது. கதவுக்கு வெளியே நின்றபடி அவளைத் திட்டித் தீர்த்தேன். குசினிக்காரர் திண்டாடிப் போய் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் நிறுத்தியதும் உள்ளேயிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் திட்டு. நடுவுல மூச்சே வாங்காம இன்னாமா திட்டறே!"

இரண்டு மாசம் நான் அவளோடு பேசவில்லை. அதற்குள் ஒரு கன்னிமாடத்தில் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிற வேலை கிடைத்தது. வீட்டுக்காரருக்கும் ஒரு ரொட்டிக்கடையில் இடம் கிடைத்தது. வயிறு நிரம்பியபின்தான் புத்தி வந்தது. சமாதானத்துக்கு வழக்கம்போல ஒரு தலையணை வந்தது, பழைய புடவையில் அவளே கோணல்மாணலாகத் தைத்து. பத்தாவது. உறை தைக்க மாட்டேன், பஞ்சு அடிப்பதை விடு என்று நான் சண்டை போட்டும் பார்த்தேன். "மில்லு என்ன வுட்டா நான் பஞ்ச வுடறேன்" என்றாள்.

மில்லும் அவளை விட்டது, பஞ்சு விடவில்லை. புதுச்சேரி முழுசாக இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று தெருவெல்லாம் கொடி கட்டிய வருஷத்தில் அவளால் கிணற்றடிவரை நடக்க முடியவில்லை. இரண்டு வீட்டு அடுப்பையும் நான்தான் பற்ற வைத்தேன். நான் ஊதும்போது சுவரில் சாய்ந்துகொண்டு எண்ணுவாள். "ஒண்ணு," என்பாள். பற்றிவிடும். இரண்டு எண்ண வேண்டி வராததில் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. வக்கான்ஸ் முடித்துக் கரண்டியைக் கையில் எடுத்த குசினிக்காரர் அவளுக்கு மதாம் வீட்டு சூப் வைத்துக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கிண்ணத்தை மட்டும் காலி செய்துவிடுவாள்.

அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வேறு எந்தக் கிழமையிலாவது போயிருந்தால் அவள் கட்சி தோற்றிருக்கும். நான் அழுதுகொண்டே அதை நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வெகுகாலம் கழித்து ஒரு நெஞ்சு டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பஞ்சுத் தூசியால் வருகிற வியாதி அது, லீவு முடிந்து திரும்பும் நாளில்தான் அதிகமாகப் பிடிக்கும், திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் உண்டு என்றார். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பெயர் வைத்ததில் பாதிக்கு மேல் அவளுடைய பங்கு என்று கேட்டு வாங்கியிருப்பாள்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என் மகன் வீடு மூன்றாவது மாடியில். நடுவில் எங்கும் நிற்காமல் ஏறிவிடுவேன். மேலே போய் மருமகளைத் திட்டவும் மூச்சு மிச்சம் இருக்கும். மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த மேஸ்திரியின் நோட்டு எங்காவது கிடந்தால், அதில் என் பெயருக்கு நேரே காக்கா வலிப்பு, வாரத்துக்கு இரண்டு தடவை என்று இருக்கும். யார் கையிலாவது அது கிடைத்தால் தயவுசெய்து அந்த வரியை அடித்துவிட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.